பால் சொசைட்டியில் ஒட்டிய மார்க்

டீச்சர்,

இன்று காலை எங்கள் வீட்டு எதிர்ச்சுவரில் ஒருவர் திருவிழாப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்ட பசை. அந்த வாசனை கேட்டைத் தாண்டி வந்ததும் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு நினைவு வந்தது உங்கள் விரல்கள்தான். பசை காய்ந்து வெள்ளைத் தோலாக உரியும். ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டே அதைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பீர்கள்.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. உங்களுக்கு நான் இதுவரை ஒரு கடிதம் எழுதியதில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குக் கடிதம் எதற்கு? பெயர் சொல்லியும் கூப்பிட்டுக்கொண்டதில்லை. நான் கணக்கு டீச்சர், நீங்கள் சயின்ஸ் டீச்சர். கடைசி வரை அவ்வளவுதான்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. அன்னூர்ப் பக்கம் நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டெலிபோன்தான் இருந்தது, அதுவும் ஹெச்.எம். மேசையில் பூட்டுப் போட்டு. பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஷீலா என்று ஒரு பெண் படித்தாள். அவள் அம்மா மஸ்கட்டில் நர்ஸ். காரமடையில் அக்கா வீட்டில் மகளை விட்டுவிட்டுப் போனவர். அவர் ஒருநாள் உங்களுக்குக் கடிதம் போட்டிருந்தார். 'என் மகள் எழுதும் கடிதம் எனக்கு வந்துசேரப் பதினைந்து நாள் ஆகிறது. அவளுக்குப் பரீட்சை என்பதே பரீட்சை முடிந்த பிறகுதான் தெரிகிறது. இங்கே ஆஸ்பத்திரியில் இன்டர்நெட் இருக்கிறது, உங்கள் பள்ளியில் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார்.

இல்லை என்று பதில் எழுதிவிட்டு வேறு யாராக இருந்தாலும் மறந்திருப்பார்கள். நீங்கள் அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறி காந்திபுரம் போனீர்கள். அங்கே அப்போதுதான் பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் போய்க் கற்றுக்கொண்டு, இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் நம் வகுப்புக்கென்று ஒரு பக்கம் திறந்தீர்கள். தமிழில் டைப் செய்தால் பார்ப்பவர் கம்ப்யூட்டரில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. நீங்கள் அதோடு மல்லுக்கட்டவில்லை. உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, அதை ஸ்கேன் செய்து படமாகவே ஏற்றிவிட்டீர்கள். அந்த வாரம் நடக்கும் பாடம், வீட்டுப்பாடம், பரீட்சை தேதி, கொண்டுவர வேண்டிய சாமான். அவ்வளவுதான் அதில் இருக்கும்.

மஸ்கட்டிலிருந்து வந்த முதல் பதிலைப் பிரிண்ட் எடுத்துவந்து எனக்குப் படித்துக்காட்டினீர்களே! 'என் மகள் இந்த வாரம் என்ன படிக்கிறாள் என்று இந்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. டியூட்டியில் இருந்த எல்லாருக்கும் காட்டினேன்.' படித்து முடித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தீர்கள்.

"சரீங்க டீச்சர், மஸ்கட்டுல இருக்கற அம்மாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இங்க நாலு மைலு தள்ளி இருக்கற அம்மாளுக்கு எப்புடித் தெரியறது?" என்றீர்கள்.

நம் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். இன்டர்நெட் பார்க்கக்கூடிய பெற்றோர் மூன்று பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். மீதிப் பேர் தோட்டம் வைத்து விவசாயம் செய்கிறவர்கள். பள்ளிக்கு வரச் சொன்னால், "நாங்க வந்து என்னங்க பண்றது, நீங்க பார்த்துக்கங்க" என்பார்கள். ஆனால் காலையும் மாலையும் பால் ஊற்ற சொசைட்டிக்கு வராதவர் கிடையாது. அதனால் அந்தப் பக்கத்தையே பிரிண்ட் எடுத்து, திங்கட்கிழமை காலையில் சொசைட்டிச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தீர்கள். பசை நீங்களே காய்ச்சிக் கொண்டுவருவீர்கள். கேன் வைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்கள் அதைப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு சொசைட்டிச் செயலாளர் படித்துச் சொல்வார். 'ஏப்பா, நாளைக்கு உம்பட பையனுக்குக் கணக்குப் பரீட்சையாமா' என்று அங்கேயே பேச்சு நடக்கும். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, இப்போது சொல்வதற்கென்ன.

அரையாண்டுப் பரீட்சை விடைத்தாள் திருத்தி முடித்த சமயத்தில் உங்கள் தங்கை கல்யாணம் வந்தது. ஒரு வாரம் லீவு போட்டு உடுமலைப்பேட்டை கிளம்பினீர்கள். போகும்போது பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி என்னிடம் கொடுத்தீர்கள்.

"ஊட்டுப்பாடத்தை மட்டும் மாத்துனாப் போதுமுங்க டீச்சர். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

நான் வேறு ஒன்றைச் செய்தேன். அந்தப் பரீட்சையில் என் பாடத்தில் மூன்று பேர் நூற்றுக்கு நூறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகமே பார்க்கிற மாதிரி ஒரு சுவர் கையில் இருக்கும்போது வீட்டுப்பாடத்தை மட்டும் எதற்குப் போடுவது என்று தோன்றியது. சனிக்கிழமை காந்திபுரம் போய், அவசரத்தில் ஆங்கிலத்திலேயே, நாற்பத்தாறு பெயரையும் மார்க் வரிசைப்படி டைப் செய்து ஏற்றினேன். பிரிண்டும் எடுத்தேன். திங்கட்கிழமை காலையில் சொசைட்டியில் ஒட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று அழகும் பார்த்தேன். நான் பார்த்தது மேலே இருந்த மூன்று பெயரைத்தான். கடைசிப் பெயர் கோமதி. மார்க் பதினொன்று.

அன்று கோமதி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. புதன்கிழமை அவள் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து நின்றாள்.

"கோமதி இனி வரமாட்டாளுங்க டீச்சர். பனியன் கம்பெனிக்கு அனுப்பறாங்களாமா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை நீங்கள் வந்தீர்கள். ஒரு கையில் கல்யாணப் பலகாரப் பை, இன்னொரு கையில் சுவரிலிருந்து உரித்தெடுத்த அந்தத் தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்பதற்குள் ஹெச்.எம். இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். யாரோ அவரிடம் போய்ச் சத்தம் போட்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு இதை ஒட்டுனீங்க? யார் போட்டது?"

அவர் மேசையில் ஒரு பூகோள உருண்டை இருக்குமே, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேஜ் என்னோடதுங்க சார்," என்றீர்கள். "நாந்தான் பார்த்திருக்கோணும்."

"இன்னியோட அந்தப் பேஜும் வேண்டாம், சொசைட்டியில ஒட்டறதும் வேண்டாம். புரியுதுங்களா?"

"சரீங்க சார்."

கல்யாணத்துக்குப் போன இடத்திலிருந்து அன்று காலைதான் வந்திருந்தீர்கள். அந்தத் தாளில் ஓர் எழுத்துகூட நீங்கள் அடித்ததில்லை. வெளியே வராந்தாவில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அதையெல்லாம் அப்பறம் பேசலாமுங்க. மொதல்ல அந்தப் புள்ளை ஊட்டுக்குப் போகோணும். சாயங்காலம் அவிங்க பால் கறந்துட்டுக் கெளம்பறதுக்குள்ள போயிரலாம்."

பஸ்ஸை விட்டு இறங்கி சோளக்காட்டு வரப்பில் நடந்தோம். தோட்டத்துக்கு நடுவில் ஓடு போட்ட சாளை வீடு. கோமதியின் அப்பா எருமையைக் கழுவிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலை இழுத்துப் போட்டார்.

"வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. மோரு குடிக்கறீங்களா? ஏ அம்மணி, மோரு கொண்டா."

சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த மனுசன் கோபத்திலும் விருந்தாளிக்கு மோர் கொடுக்க மறக்கவில்லை. கோமதியின் அம்மா இரண்டு சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருட்டுக்குள் யாரோ நிற்பது தெரிந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க," என்றார் கோமதியின் அப்பா. "தாளுல இங்கிலீசுல என்னமோ எழுதியிருந்துச்சு. சொசைட்டிக்காரரு ஒவ்வொரு பேராப் படிச்சாருங்க. கேனை வெச்சுட்டு நானும் கேட்டுட்டு நின்னேன், எம்பட புள்ளை பேரு எப்ப வரும் எப்ப வரும்னு. கடைசியா வந்துச்சுங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

நீங்கள் பேசப்போனீர்கள். அந்த முறை நான் முந்திக்கொண்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

"இவிங்க ஊருலயே இல்லீங்க. நாந்தானுங்க போட்டேன். நாந்தான் ஒட்டுனேன்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாங்க? எம்பட புள்ளையோட மார்க்க எங்கிட்டச் சொல்லாம ஊருக்குச் சொல்லிப்போட்டீங்களே."

அந்த வாக்கியம் இன்றைக்கும் எனக்கு அதே குரலில்தான் கேட்கிறது. "தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றேன். பிறகு நிலைப்படிப் பக்கம் பார்த்து, "கோமதி, டீச்சர் தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்றேன். அவள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோமதியின் அப்பா கேட்டார்: "தாளைக் கிழிச்சுப்போட்டீங்க. கம்ப்யூட்டர்லயும் இருக்குதுன்னு சொன்னாங்களே, அது?"

"இன்னும் இருக்குதுங்க," என்றீர்கள். "கோயமுத்தூரு போய்த்தான் அழிக்கோணும். நாளைக்கே போறோமுங்க."

"நானும் வாரேனுங்க. எங்கண்ணால பாக்கோணும்."

மறுநாள் அரை நாள் லீவு போட்டோம். அவர் சலவை வேட்டி சட்டையில் பஸ் ஸ்டாப்பில் நமக்கு முன்பே நின்றிருந்தார். பிரவுசிங் சென்டரின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏ.சி. குளிருக்குத் துண்டைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார். பக்கம் மேலிருந்து கீழாக, வரி வரியாக, ஆடி அசைந்து வந்தது. அவர் திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"எங்கீங்க அவ பேரு?"

நீங்கள் காட்டினீர்கள். அவர் கண்ணாடி மேல் விரலை வைத்தார்.

"இதுல பதினொண்ணு எதுங்க?"

"அந்த ரெண்டு கோடுங்க."

"ரெண்டு கோடு." அவர் தலையை ஆட்டினார். "இதுக்குத்தானுங்களா இத்தனையும்."

நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்களே அழிங்க டீச்சர்" என்று என்னை உட்காரவைத்தீர்கள். அழித்தேன். மறுபடி திறந்து காட்டினேன். ஒன்றுமில்லாத வெள்ளைப் பக்கம்.

"இனி யாருக்கும் தெரியாதுங்களா?"

தெரியாது என்று சொல்லிவிடத்தான் நான் நினைத்தேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை.

"பார்த்தவிங்க பார்த்ததுதானுங்க. அதை அழிக்க நம்மளால முடியாது. இனிமேப் பார்க்க முடியாது, அவ்வளவுதானுங்க."

அந்தப் பதில்தான் அவருக்கு நம் மேல் நம்பிக்கையைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இந்தப் புள்ளை நல்லாச் செய்யறதுன்னு ஏதாச்சும் ஒண்ணு இருக்குமில்லீங்க? அதை எங்கீங்க போடறீங்க?"

ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"இதுவரைக்கும் எங்கயும் போட்டதில்லீங்க," என்றீர்கள். "இனிப் போடறோமுங்க."

திங்கட்கிழமை கோமதி வந்தாள். முதல் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தும் கடைசியில் போய் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்கு ஆறாம் வகுப்பிலேயே பின்னக் கணக்கு விட்டுப்போயிருந்தது. மூன்று வருடம் அவளுக்குப் பாடம் எடுத்த எனக்கு அது தெரியாது. நாற்பத்தாறாவது இடம் என்று மட்டும் தெரியும்.

ஹெச்.எம். சொன்ன தடையை நீக்கியது யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கோமதியின் அப்பாதான். பொங்கல் கழிந்து ஒருநாள் ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தத் தாளு ஒட்டறது இருக்கட்டுமுங்க சார். ஊட்டுப்பாடம் என்னன்னு தெரிஞ்சா நாங்களும் புள்ளைகளை ரெண்டு கேள்வி கேக்கலாமில்லீங்க. மார்க்கு மட்டும் எங்ககிட்டச் சொன்னாப் போதும்."

உங்கள் பக்கம் மறுபடி திறந்தது. அதற்கு நீங்கள் ஒரு விதி எழுதி ஆசிரியர் அறைக் கண்ணாடியில் செருகி வைத்தீர்கள்: 'எல்லாருக்கும் ஆனதை எல்லாருக்கும் சொல்வோம். ஒருத்தரைப் பற்றியதை அந்த வீட்டுக்கு மட்டும் சொல்வோம்.' மார்க் எல்லாம் கவரில் வீட்டுக்குப் போனது. ஷீலாவின் அம்மாவுக்கு மட்டும் தனி ஈமெயில். அந்தக் கவரில் மார்க்கோடு, பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்றீர்கள். நாற்பத்தாறு பிள்ளைகளுக்கு நாற்பத்தாறு வரி. முதல் தடவை எனக்குப் பத்துப் பேருக்கு மேல் எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். "எழுத வரலீன்னா இன்னும் பார்க்கலீன்னு அர்த்தமுங்க டீச்சர். நாளைக்கு வகுப்புல பாருங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்த்தீர்கள்.

கோமதிக்கு எழுத வேண்டிய வரியை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். சயின்ஸ் ரெக்கார்டு நோட்டில் அவள் வரைந்த இதயப் படம். அறைகள், வால்வுகள், ரத்தக் குழாய்கள் எல்லாம் அச்சடித்த மாதிரி. அதைப் பக்கத்தில் போடலாமா என்று முதலில் அவளிடம் கேட்டீர்கள். பிறகு அவள் அப்பாவிடம் கேட்டீர்கள். இரண்டு பேரும் சரி என்ற பிறகுதான் ஸ்கேன் செய்து ஏற்றினீர்கள், கீழே 'வரைந்தது: கோமதி' என்று உங்கள் கையெழுத்தில் எழுதி.

ஷீலாவின் அம்மாவிடமிருந்து இரண்டே நாளில் பதில். 'இந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து எங்கள் நர்ஸ் அறையில் ஒட்டியிருக்கிறேன். புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு இதைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். கோமதியிடம் சொல்லுங்கள்.' அதையும் பிரிண்ட் எடுத்தீர்கள். திங்கட்கிழமை காலை நானும் உங்களோடு சொசைட்டிக்கு வந்தேன். அதே செயலாளர், அதே வரிசை. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். கோமதியின் அப்பா கேனைக் கீழே வைக்காமலே நின்று கேட்டார். "மஸ்கட்டுலயாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்த முறையும் சிலர் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

கோமதி அந்த வருடம் கணக்கில் நாற்பத்திரண்டு வாங்கிப் பாஸ் பண்ணினாள். அந்த நாற்பத்திரண்டுக்காக நான் பட்ட சந்தோசத்தை எந்த நூற்றுக்கு நூறுக்கும் பட்டதில்லை. பிறகு பிளஸ் டூ, லேப் டெக்னீஷியன் படிப்பு. இப்போது மேட்டுப்பாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. உங்களை அடக்கம் செய்த அன்று சர்ச் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஆனால் டீச்சர், இவ்வளவும் நடந்த பிறகும் ஒன்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஹெச்.எம். அறையில் நான் வாய் திறக்காமல் நின்றது. அப்புறம் பேசலாம் என்றீர்களே, அந்த அப்புறம் வரவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை, நானும் தொடவில்லை. வருடங்கள் ஓடின. போன வருடம் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொடுத்தபோதுதான் கேட்டேன்.

"அன்னிக்கு ஹெச்.எம். முன்னாடி நான் பேசாம நின்னேனே, உங்களுக்குக் கோவமே வரலீங்களா டீச்சர்?"

நீங்கள் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தீர்கள்.

"வந்துச்சுங்க. ஏன் வராது? தோட்டத்துக்கு நடந்து போறப்ப பூராக் கோவம்தான்." மூச்சு வாங்கியது, நிறுத்திச் சொன்னீர்கள். "ஆனா அங்க போய் நாந்தானுங்கன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அப்பவே போயிருச்சு. ஹெச்.எம்.கிட்டச் சொல்லியிருந்தா ஒரு திட்டோட முடிஞ்சிருக்கும். சொல்ல வேண்டிய எடத்துலதானுங்க சொன்னீங்க."

கோபம் வரவில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வந்தது என்று சொன்னீர்கள், போனது என்றும் சொன்னீர்கள். அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். சுமையை இறக்கிவைத்தவள் அழுகிற அழுகை அது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நன்றி என்று உங்கள் முகத்துக்கு நேரே நான் சொன்னதே இல்லை. சொன்னால், "அட, சும்மா இருங்க டீச்சர்" என்று பேச்சை மாற்றியிருப்பீர்கள்.

ரிடையர் ஆன பிறகும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் கணக்குக் கேட்க வருகிறார்கள். போன வாரம் ஒரு பையனின் அம்மா வேலை முடிந்து வந்து, "எப்படிங்க டீச்சர் படிக்கறான்? நெசத்தைச் சொல்லுங்க" என்றார். அவன் இன்னும் பெருக்கலில் தடுமாறுகிறவன். அதையும் சொன்னேன், மறைக்கவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அவரை உட்காரவைத்து, முதலில் வேறொன்றைச் சொன்னேன். "தப்பாப் போட்டா ரப்பரை எடுக்கறதுக்கு முன்னாடி ஏன் தப்புன்னு கேக்கறானுங்க உங்க பையன்" என்றேன்.

அந்த அம்மா அதைக் கேட்டு அப்படியே என்னைப் பார்த்தார். அவனைப் பற்றி அப்படி ஒன்றை அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லையாம்.